கல் கடிகாரம் வாங்கப் போகிறீர்களா? முதலில் எடையைக் கேளுங்கள்

அப்பாவின் பணி ஓய்வுக்குப் பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம் ஆர்டர் செய்தேன். ‘இயற்கை அகேட் கல்லை அறுத்து, கையால் மெருகேற்றியது’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். நீலமும் வெள்ளையும் வளையம் வளையமாக ஓடிய அந்தப் படத்தில் மயங்கி, இரண்டு மாதம் பணம் சேர்த்து வாங்கினேன். வந்தது கல்லே இல்லை, அச்சில் ஊற்றிய ரெசின், அதாவது ஒருவகைப் பிளாஸ்டிக்.

பெட்டியைத் தூக்கியபோதே உறுத்தியது, அவ்வளவு லேசாக இருந்தது. கல் என்றால் தொட்டதும் ஜில்லென்று இருக்கும். இதில் அந்தக் குளிர்ச்சியே இல்லை. சரி, தராசில் வைத்துப் பார்ப்போம் என்று வைத்தேன். பேட்டரியோடு சேர்த்து 430 கிராம். விட்டம் 20 சென்டிமீட்டர், கனம் 1 சென்டிமீட்டர். அப்படியானால் சுமார் 314 கன சென்டிமீட்டர். அகேட் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.6 கிராம் இருக்கும். கல் மட்டுமே 800 கிராமைத் தாண்டியிருக்க வேண்டும்.

அப்புறம் பின்பக்கம் இயந்திரத்தைக் கழற்றினேன். நடுத் துளையின் ஓரத்தில் நீல நிறத்தில் பிசிறு சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டிருந்தது. கல்லைத் துளைத்தால் மாவாகத்தான் உதிரும், சுருள் வராது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே கடுகளவு காற்றுக் குமிழிகள் தெரிந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

இயந்திரம் மாட்டியதிலும் அலட்சியம். வட்டின் கனத்துக்குத் தண்டின் நீளம் போதவில்லை; நட்டு இரண்டு மரைதான் பிடித்திருந்தது. நான்காம் நாளே அது நழுவி, நிமிட முள் வட்டில் உரசி நின்றுவிட்டது.

விற்றவரிடம் கேட்டேன். “இயற்கைக் கல், ஒவ்வொன்றும் வேறுபடும். கைவேலைப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது” என்று பதில் வந்தது. ஒவ்வொன்றும் வேறுபடும் என்றால், இன்னொருவர் வாங்கிய கடிகாரத்தின் படத்தில் 2 மணிக்குப் பக்கத்தில் இருக்கும் பிறை மாதிரியான வெள்ளைக் கோடு, என்னுடையதிலும் அதே இடத்தில் எப்படி வந்தது? இதற்குப் பதிலே இல்லை.

அகேட்டுக்குச் சாயம் ஏற்றுவது பழைய வழக்கம்தான். சொல்லிவிட்டு விற்றால் அதில் தவறில்லை. ரெசினைக் கல் என்று விற்பது வேறு விஷயம்.

வாங்கும் முன் எடை, விட்டம், கனம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். உங்களுக்கு அனுப்பப் போகும் அதே துண்டின் முன்பக்கம், பின்பக்கம், துளை ஆகியவற்றின் படம் கேளுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துவிடுங்கள். நான் எடுக்கவில்லை, “நீங்களே மாற்றியிருக்கலாம்” என்று இப்போது என்மேலேயே திருப்புகிறார்கள். கையில் பொருள் வந்ததும், பின்பக்கம் கண்ணில் படாத இடத்தில் கத்தி முனையால் லேசாகக் கீறிப் பாருங்கள். அகேட்டில் கீறல் விழாது. என்னுடையதில் மெழுகைக் கீறியது போலக் கோடு விழுந்தது.

பணம் இன்னும் வரவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், தராசுப் படத்தையும் துளையின் படத்தையும் சேர்த்து.