பூமியின் சுழற்சியிலிருந்து மின்சாரம்: குழவியைப் பிடிப்பது யார்?

வெட் கிரைண்டரில் மாவு அரைபட வேண்டுமானால் கல் சுற்றினால் மட்டும் போதாது. குழவியை ஒரு பக்கமாக நிறுத்திப் பிடிக்கும் கம்பியோ சங்கிலியோ வேண்டும். அந்தப் பிடி கழன்றால் குழவியும் கல்லோடு சேர்ந்து சுற்றும், மாவு அரைபடாது.

பூமி சுற்றுகிறது, அதிலிருந்து மின்சாரம் எடுக்க முடியாதா என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். ஆற்றலுக்குப் பஞ்சமே இல்லை. பூமியின் சுழற்சியில் இருப்பது ஏறக்குறைய 2-க்குப் பின்னால் 29 சுழியங்கள் போட்ட அளவு ஜூல். இன்று உலகம் ஓர் ஆண்டில் செலவழிக்கும் மொத்த ஆற்றலோடு ஒப்பிட்டால் 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் தாங்கும். ஆனால் நாம், வீடு, மலை, மின்னாக்கி (ஜெனரேட்டர்) எல்லாமே அந்தக் கல்லோடு சேர்ந்து சுற்றுகிறோம். பூமியோடு சேர்ந்து சுற்றாத ஏதாவது ஒன்று மறுமுனையைப் பிடிக்க வேண்டும். இதற்காகச் சொல்லப்படும் வழிகளை நான் அளப்பது இந்த ஒரு கேள்வியால்தான்: குழவியைப் பிடிப்பது யார்?

முதலில் சுழல்காட்டி, அதாவது ஜைரோஸ்கோப். வேகமாகச் சுழலும் கனமான சக்கரம் தன் அச்சை விண்மீன்களை நோக்கி ஒரே திசையில் வைத்திருக்கும். தரை அதற்குக் கீழே ஒரு நாளைக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிறது. இடையில் பல்சக்கரமும் மின்னாக்கியும் வைத்தால் போதுமே என்று தோன்றும். அழகான யோசனைதான். ஆனால் மின்னாக்கி எதிர்ப்புக் கொடுத்தவுடனே சக்கரத்தின் அச்சு மெல்லத் திரும்பி, பூமியின் அச்சுக்கு இணையாகப் போய் நின்றுவிடும். அதற்கு மேல் எடுக்க ஒன்றுமில்லை. கப்பல்களில் வடக்கைக் காட்டும் ஜைரோ திசைகாட்டி இந்தக் குணத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. கணக்குப் போட்டால், நிமிடத்துக்கு 10,000 சுற்றுச் சுற்றும் சக்கரத்தில் நாம் ஏற்றிய ஆற்றலில் கோடியில் 3 பங்குகூடப் பூமியிடமிருந்து கிடைக்காது, அதுவும் ஒரே ஒரு முறைதான். திசை காட்ட அருமையான கருவி, மின்சாரத்துக்கு உதவாது.

இரண்டாவது, காந்தப்புலம். மைக்கேல் ஃபாரடே 1832-லேயே லண்டனின் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் நீருக்குள் தகடுகளை இறக்கி, பூமியின் காந்தப்புலத்தில் ஓடும் ஆறு மின்னழுத்தம் தருமா என்று அளக்கப் பார்த்தார். பூமியின் சுழற்சியையே பயன்படுத்தி, குழவியைப் பிடிக்கும் வேலையைக் காந்தப்புலத்திடம் விட்டால் என்ன? சாதாரணக் கம்பியில் இது நடக்காது. உள்ளிருக்கும் மின்னூட்டங்கள் நகர்ந்து தங்களுக்குள் ஒரு எதிர்ப்புலத்தை உண்டாக்கி விளைவை அப்படியே அழித்துவிடும். இதில் ஓர் ஓட்டை உண்டு என்று 2016-ல் இரண்டு அமெரிக்க இயற்பியலாளர்கள் வாதிட்டார்கள். காந்தப்புலத்தைத் தன்னுள் திசைமாற்றும், ஆனால் மின்சாரத்தை அவ்வளவு நன்றாகக் கடத்தாத பொருளில் உள்ளீடற்ற உருளை செய்தால் அந்த அழிப்பு முழுமையாக நடக்காது என்பது அவர்கள் கருத்து. 2025-ல் சோதனை முடிவும் வெளியானது. ஏறத்தாழ 30 செ.மீ. நீள மாங்கனீசு-துத்தநாக ஃபெரைட் (பீங்கான் போன்ற ஒரு காந்தப் பொருள்) உருளையில் கிடைத்தது சுமார் 17 மைக்ரோவோல்ட், 25 நானோஆம்பியர். உருளையைத் தலைகீழாகத் திருப்பினால் மின்னழுத்தத்தின் குறியும் மாறியது.

எனக்கு இந்தச் சோதனை மிகவும் பிடித்திருக்கிறது. முடியாது என்று பாடம் சொன்ன இடத்தில் போய்ப் பொறுமையாக அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் இந்த அளவில், உருளையின் இரு முனைகளுக்கும் இடையே சிறு வெப்ப வேறுபாடு இருந்தாலே இதைப் போன்ற மின்னழுத்தம் வந்துவிடும். அவர்கள் அதைக் கவனித்துத்தான் செய்திருக்கிறார்கள், இருந்தும் எல்லா இயற்பியலாளர்களும் ஏற்றுக்கொள்ளவில்லை. முடிவு சரியென்றே வைத்துக்கொள்வோம். ஒரு 9 வாட் எல்இடி விளக்கை எரிக்க இப்படிப்பட்ட உருளைகள் 20 லட்சம் கோடி வேண்டும்.

மூன்றாவது வழியில் மட்டும் பிடி உறுதியாக இருக்கிறது. பிடிப்பது நிலா.

கடலின் ஏற்றவற்றத்தை, அதாவது ஓதத்தை, அலையோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அலை காற்றால் வருவது, காற்று வெயிலால் வருவது. ஓதம் அப்படியில்லை. நிலாவும் ஓரளவு சூரியனும் கடல்நீரை இழுத்து மேடாக நிறுத்த, அதற்குக் கீழே பூமி சுற்றிப் போகிறது. பெரும்பாலும் ஆழமில்லாத கடல்களில் நீர் தரையோடு உரசுவதால், சுமார் 3.7 டெராவாட் (3.7 லட்சம் கோடி வாட்) ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. இந்த அளவு உலகின் மொத்த மின் உற்பத்தியோடு ஏறக்குறைய சமம்! இந்த உரசலால் நூற்றாண்டுக்கு 2.3 மில்லிவினாடி வீதம் நாள் நீள்கிறது, நிலா ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகுகிறது. சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பவளப் படிவங்களில் உள்ள வளர்ச்சிக் கோடுகளை 1963-ல் எண்ணிப் பார்த்தபோது ஆண்டுக்கு 400 நாள் இருந்தது தெரிந்தது. நாம் எடுக்காவிட்டாலும் இயற்கை தினமும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் "பூமி நின்றுவிடாதா?" என்ற பயம் தேவையில்லை.

சரி, எப்படி எடுப்பது? பிரான்சின் பிரிட்டனி கரையில், ரான்ஸ் ஆற்றின் கழிமுகத்தில் 750 மீட்டர் அணை கட்டி 1966-ல் திறந்தார்கள். 24 சுழலிகள் (டர்பைன்கள்), 240 மெகாவாட். அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓடுகிறது. அங்கே நீர் சராசரியாக 8 மீட்டர் ஏறி இறங்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி யூனிட், அதாவது முழுத்திறனில் கால்வாசிதான். ஆனால் எப்போது வரும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அட்டவணை போட்டுச் சொல்லிவிடலாம். வெயிலும் காற்றும் அப்படி வாக்குக் கொடுப்பதில்லை. விலை என்னவென்றால், கட்டும்போது கழிமுகத்தைக் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் கடலிலிருந்து அடைத்து வைத்ததில் உள்ளிருந்த உயிர்கள் பெரும்பாலும் அழிந்தன. மீண்டும் ஒரு சமநிலை வரப் பத்து ஆண்டுகள் ஆயின. வண்டல் இன்றும் சேர்கிறது.

தென்கொரியாவின் சிஹ்வா ஏரியில் கதையே வேறு. விவசாயத்துக்கு நன்னீர் சேர்க்க என்று 1994-ல் 12.7 கி.மீ. கடல்சுவர் கட்டி முடித்தார்கள், ஆனால் தொழிற்சாலைக் கழிவு சேர்ந்து நீர் நாறிப்போனது. அப்புறம் அதே சுவரில் 254 மெகாவாட் நிலையம் வைத்து 2011-ல் ஓட்டத் தொடங்கினார்கள். கடல்நீர் உள்ளே வந்துபோக ஆரம்பித்ததும் ஏரி தேறியது.

ஸ்காட்லாந்தின் பென்ட்லண்ட் நீரிணையில் அணையே இல்லை. கடலடியில் 1.5 மெகாவாட் சுழலிகள் நான்கை நட்டு, பாயும் நீரோட்டத்திலேயே சுற்ற விட்டிருக்கிறார்கள். மொத்தம் 6 மெகாவாட்தான், ஆனால் அவற்றில் ஒன்று பழுது பார்க்கத் தூக்காமலே ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. உப்புநீருக்குள் இது சாதாரண விஷயமில்லை.

என்னைக் கேட்டால், உயிருள்ள ஒரு கழிமுகத்தைப் புதிதாக அடைப்பதற்கு நான் கைதூக்க மாட்டேன். ஏற்கெனவே சுவர் நிற்கும் இடத்தில் சிஹ்வா வழி, நீரோட்டம் விரையும் நீரிணைகளில் பென்ட்லண்ட் வழி. மெரினாவில் வைக்கலாமா என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: அணை வழியில் கிடைக்கும் ஆற்றல், நீர் ஏறி இறங்கும் உயரத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். சென்னையில் பெரிய ஓதத்தின்போதே அது சுமார் 1 மீட்டர்தான். ரான்ஸில் அதே பரப்பில் கிடைப்பதில் இங்கே 64-ல் ஒரு பங்கு கிடைக்கும். இந்தியாவில் இதற்கு ஏற்ற இடம் குஜராத்தின் காம்பத் வளைகுடா. அங்கே 7,000 மெகாவாட் வரை எடுக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.