பாறைப் பிளவு மாடலுக்கு ஜிமெஷ் போதுமா?

நூற்றுக்கணக்கில் பிளவுகள் உள்ள பாறைக்குள் தண்ணீர் ஓடுவதை சிமுலேஷன் செய்ய, வடிவத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, அதாவது மெஷ்ஷாக, பிரித்துத் தரும் ஜிமெஷ் மென்பொருள் போதுமா, இல்லை காசு கொடுத்து வேறு ஏதாவது வாங்க வேண்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். சில வருடங்களாக அதிலேயே கிடக்கிறவன் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். இலவசம், பைத்தானிலிருந்து ஓட்டலாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விடுங்கள்.

முதலில் எனக்குப் பிடித்தது. கிரானைட்டில் தண்ணீர் போவது பெரும்பாலும் பிளவு வழியாகத்தான், அந்தப் பிளவின் இடைவெளியோ பல சமயம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. நூறு மீட்டர் பாறைக்குள் அதைக் கனமுள்ள பொருளாக வரைந்து மெஷ் போட எந்தக் கணினியாலும் ஆகாது. அதனால் பிளவைத் தட்டையான வட்டாகவோ பலகோணமாகவோ வைத்துவிட்டு, இடைவெளியை வெறும் எண்ணாக, ஓட்டத்தைக் கணக்கிடும் நிரலான சால்வருக்குக் கொடுக்கிறோம். இந்த வட்டுகளையும் பாறைக் கட்டியையும் ஃப்ராக்மென்ட் என்ற ஒரே கட்டளையில் போட்டால் போதும், எது எதை வெட்டுகிறதோ அதெல்லாம் பிரிந்து, வெட்டும் கோடுகளில் இரண்டு பக்க மெஷ்ஷும் முனைக்கு முனை பொருந்திவிடும். 2017இல் மூன்றாம் பதிப்பில், வடிவங்களை வெட்டி ஒட்டிக் கையாளும் ஓப்பன்கேஸ்கேட் கர்னல் சேர்ந்த பிறகு வந்த வசதி இது. கையால் கோடு கோடாக வெட்டியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

வெட்டிய பிறகு மேற்பரப்புகளின் எண் மாறிவிடும், நேற்று 12ஆக இருந்த பிளவு இன்று நான்கு துண்டாக வேறு வேறு எண்ணில் நிற்கும். எது எதிலிருந்து வந்தது என்ற பட்டியலை ஃப்ராக்மென்ட்டே திருப்பித் தருகிறது, அதை வைத்துப் பெயர் சூட்டினால் சரி. இது பழகிவிடும்.

பழகவே பழகாதது சின்ன விளிம்பு. மூன்று பிளவுகள் ஒன்றை ஒன்று வெட்டும்போது இரண்டு வெட்டுக்கோடுகளின் முனைகள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து, நடுவில் நான்கு மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு விளிம்பு மிஞ்சும். நீங்கள் கேட்டிருப்பது துண்டுக்கு இரண்டு மீட்டர் அளவுள்ள மெஷ். ஆனால் அந்த விளிம்பின் இரண்டு முனையிலும் மெஷ்ஷின் புள்ளி உட்கார்ந்தே ஆக வேண்டும், குறைந்தபட்ச அளவு என்று அமைப்பில் என்ன எண் கொடுத்தாலும் அதை மீற முடியாது. அந்த இடத்தைச் சுற்றி ஊசி ஊசியாக முக்கோணங்கள் குவியும், அப்புறம் சால்வர் விடைக்கு வந்து சேராமல் முரண்டு பிடிக்கும். ஒவ்வொரு முறையும் மெஷ் போடுவதற்கு முன்னால் கெட்மாஸ் என்ற கட்டளை மூலம் எல்லா விளிம்பின் நீளத்தையும் எடுத்து, சின்னதிலிருந்து வரிசைப்படுத்திப் பார்த்து, குற்றவாளிப் பிளவைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி வெட்டுவேன். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொரு மூலையில் புதிதாக ஒன்று முளைக்கும். எரிச்சலாக வருகிறது, ஒளிக்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால் இது ஜிமெஷ்ஷின் தப்பு இல்லை. கொடுத்த வடிவத்தை அப்படியே மதிக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் உருவான, பிளவு வலையமைப்புகளுக்கென்றே உள்ள டிஎஃப்என்வொர்க்ஸ் மென்பொருள் வேறு வழியில் போகிறது: குறைந்தபட்ச நீளம் ஒன்றை முன்னாலேயே வாங்கிக்கொண்டு, அதைவிடச் சின்ன அம்சம் உருவாக்கும் பிளவை வலையமைப்பில் சேர்க்காமலே ஒதுக்கிவிடும். புள்ளியியல்படி உருவாக்கும் பிளவுகளுக்கு இது அருமையான யோசனை, ஒன்று போனால் இன்னொன்று. ஆனால் ஸ்வீடனின் எஸ்போ மாதிரி நிலத்தடி ஆய்வகத்தில் சுரங்கச் சுவரில் அளந்து குறித்த பிளவு என்றால் அப்படி ஒதுக்க எனக்கு மனம் வராது. தண்ணீர் அதன் வழியாகவே வந்துகொண்டிருக்கலாம்.

இதில் என்னை உண்மையில் உறுத்துவது வேறு. பிளவில் ஓட்டம் இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப மாறும், இடைவெளி இரட்டிப்பானால் ஓட்டம் எட்டு மடங்கு. நம் கையில் இருப்பதிலேயே நிச்சயமில்லாத எண் அந்த இடைவெளிதான். அதை நாலு விதமாக மாற்றிப் பார்க்க வேண்டிய நேரமெல்லாம் நான்கு மில்லிமீட்டர் விளிம்பைத் துரத்துவதில் போகிறது.

அதனால் நண்பருக்கு என் பதில்: பத்து இருபது பிளவு, ஒரு சுரங்கம் என்றால் ஜிமெஷ்ஷை மிஞ்ச ஆள் இல்லை, காசு செலவழிக்காதீர்கள். நீங்கள் சொன்ன மாதிரி நூற்றுக்கணக்கில் என்றால், இத்தனை புகழ்ந்த பிறகும் சொல்கிறேன், வேண்டாம், டிஎஃப்என்வொர்க்ஸில் ஆரம்பியுங்கள். அதுவும் இலவசம்தான்.