விறகா, கேஸா, கரண்டா: எந்த அடுப்பு காற்றில் அதிகக் கரியைச் சேர்க்கிறது?

இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிய அன்று, "இனிமேல் நம்ம சமையலில் புகையே இல்லை அண்ணா" என்று தங்கை பூரித்துப்போனாள். கண்ணில் படும் புகை இல்லைதான். ஆனால் கரியமில வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; அடுப்படியில் வராவிட்டால் வேறெங்கோ ஒரு புகைபோக்கி வழியாக வரும். அவளுக்காகப் போட்டுப் பார்த்த கணக்கு இது.

முதலில் கேஸ். வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. முழுக்க எரித்தால் ஏறக்குறைய 42 கிலோ கரியமில வாயு வரும். 14 எப்படி 42 ஆகும்? எரியும்போது 12 கிராம் கரி (கார்பன்), காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிராமாகிவிடுகிறது. கூடுகிற எடை காற்று கொடுத்தது.

அடுத்து கரண்ட். ஒரு சிலிண்டரில் அடங்கிய வெப்பம், கரண்ட் பில் யூனிட் கணக்கில் சுமார் 180 யூனிட். கேஸ் அடுப்பில் அதில் அறுபது சதவீதம் அளவுதான் பாத்திரத்துக்குப் போகிறது. மீதி பக்கவாட்டில் வீணாகிறது. இண்டக்‌ஷனில் 85 சதவீதம் வரை பாத்திரத்துக்கே போகும். எனவே ஒரு சிலிண்டர் சமையலை 130 யூனிட்டுக்குள் முடித்துவிடலாம். இதுவரை இண்டக்‌ஷனுக்குத்தான் வெற்றி.

அந்த யூனிட் வரும் வழியில்தான் கணக்கு தலைகீழாகிறது. நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே மின்சாரமாகிறது. நெய்வேலி, மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். காற்றாலை, சூரிய மின்சாரம், அணு, புனல் அனைத்தையும் சேர்த்துச் சராசரி பார்த்தாலும், இந்தியாவில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோவுக்கு மேல் கரியமில வாயு. 130 யூனிட்டுக்கு 90 கிலோவைத் தாண்டுகிறது. கேஸைப் போல இரண்டு மடங்கு! நானும் இதை எதிர்பார்க்கவில்லை. மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். (எரிபொருளைத் தோண்டி எடுத்து ஏற்றி வருவதற்கான செலவை எந்தப் பக்கத்திலும் சேர்க்கவில்லை.)

விறகின் கதை வேறு. காய்ந்த விறகில் பாதி கரி. ஒரு கிலோ எரித்தால் 1.8 கிலோ கரியமில வாயு. மூன்று கல் அடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி வெளியில்தான் போகிறது. எடையை மட்டும் பார்த்தால் மூன்றிலும் மோசமானது இதுவே. ஆனால் அந்தக் கரி சில வருடங்களுக்கு முன்பு அந்த மரம் காற்றிலிருந்து எடுத்தது. இராமநாதபுரத்துச் சீமைக்கருவேலம் வெட்டிய அடியிலிருந்தே மறுபடி துளிர்க்கும். விட்டதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். திரும்ப வளராத காட்டை அழித்து எரித்தால் மட்டும் கடன் அடைபடாது.

நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் இருப்பது கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த கரி. காற்றோடு அதற்கு இருந்த கொடுக்கல் வாங்கல் எப்போதோ முடிந்துவிட்டது. அதைத் தோண்டி எரிக்கும்போது புதுக் கரி சுழற்சிக்குள் நுழைகிறது. இதற்கு நேரடிச் சாட்சி உண்டு. உயிருள்ள மரத்தில் கார்பன்-14 என்ற, காலப்போக்கில் சிதைந்துபோகும் ஒரு வகைக் கரி கொஞ்சம் இருக்கும். பழைய நிலக்கரியில் அது முழுக்கச் சிதைந்துபோயிருக்கும். அந்தப் பழைய கரி கலப்பதால் காற்றில் கார்பன்-14 விகிதம் நீர்த்துப்போவதை 1950-களில் மர வளையங்களை வைத்து ஹான்ஸ் சூஸ் என்ற விஞ்ஞானி காட்டினார். 1958-இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 315 பங்கு கரியமில வாயு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் 280.

அதற்காக விறகடுப்பைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது. எங்கள் பாட்டி ஊதாங்குழலோடு கண் கலங்கி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் புகை நுரையீரலைத் தின்னும். காற்றைக் கெடுத்த பழி, விறகு பொறுக்கிச் சமைக்கும் பெண்கள் மேல் விழவே கூடாது.

அப்படியானால் கேஸா? இன்றைய கணக்குக்கு ஆம். ஆனாலும் என் ஓட்டு இண்டக்‌ஷனுக்குத்தான். கேஸின் 42 கிலோ வேதியியல் போட்ட எல்லை. எவ்வளவு நல்ல பர்னர் போட்டாலும் ஒரு சிலிண்டருக்கு அது குறையாது. கரண்டின் 90 கிலோ அப்படியல்ல. முப்பந்தலில் காற்றாலைகள் சுழலும் ஆடி மாதத்திலும், பேனல்கள் தகிக்கும் நண்பகலிலும் நிலக்கரிக்கு வேலை குறைகிறது. யூனிட்டுக்கு 0.3 கிலோவாக இறங்கினால், அதே சமையல் 40 கிலோவுக்குள் முடிந்துவிடும்.

தங்கை வீட்டு மாடியில் சோலார் இருக்கிறது. பகல் சோறும் குழம்பும் இண்டக்‌ஷனில், ராத்திரி தோசை கேஸில் என்று இப்போதைக்குப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். பருப்பை ஊறவைத்து குக்கரில் போடுவது மட்டும் இரண்டு அடுப்புக்கும் பொது.