நிலாவெளி சீசன் வேலைக்குப் போகும் கம்பஸ் பிள்ளைகள் கவனத்துக்கு

மே மாதம் நெருங்க, உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரைக்கும் ஹோட்டல்காரர் ஆள் தேடத் தொடங்கிவிடுவார்கள். எங்கள் கம்பஸ் (கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம்) இருக்கும் கோணேசபுரியும் அதே வீதியில்தான். ஆங்கிலம் சமாளிக்கிற பிள்ளைகள் பக்கத்திலேயே கிடைப்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். “ரிசப்ஷன், றூம் சேர்விஸ், நாளுக்கு 2,500, சாப்பாடு இலவசம்” என்று வட்ஸ்அப்பில் வரும். மகாபொல உதவிப்பணம் போர்டிங் வாடகைக்கே காணாமல் நிற்கிற பிள்ளை போகாமல் என்ன செய்யும்?

போன சீசனில் நானும் என் பச்சில் சிலரும் ஒரு கடற்கரை ஹோட்டலில் வேலை செய்தோம். தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு நடப்பதால் ஹோட்டலின் பெயர் போடவில்லை. ஆனால் நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் அதே அறிவித்தல் இப்போது ஜூனியர்மாரின் குழுக்களில் திரும்பவும் சுற்றுகிறது.

நியமனக் கடிதம் கேட்டபோது மனேஜர் சொன்னது: “தம்பி, நீங்க படிக்கிற பிள்ளைகள், கடிதம் எல்லாம் எதுக்கு? மாதக் கடைசியில கணக்குப் பார்த்துத் தருவம்.” பதிவுக்கென்று அடையாள அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். முதல் மாதம் பாதிக் காசு கையில் தந்தார்கள், மிச்சம் சீசன் முடியத் தருவதாகச் சொன்னார்கள். வெள்ளைக்காரர் கூட்டம் நிறைந்த ஓகஸ்டில் விடிய ஆறு மணிக்கு வந்து இரவு பத்துக்குப் போன நாட்கள் உண்டு. ஓவர்டைம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

சோதனை வருகிறது, நிற்கப்போகிறோம் என்றதும் கதை மாறியது. நாங்கள் செய்தது வேலை இல்லையாம், ட்ரெயினிங்காம். அலவன்ஸ்தான் உண்டாம். அதிலும் யூனிபோம், உடைந்த கிளாஸ், இலவசம் என்று சொன்ன அதே சாப்பாடு எல்லாவற்றுக்கும் வெட்டினார்கள். ஹட்டனுக்கு வீடு போக இருந்த ஒரு தங்கச்சியின் அடையாள அட்டையை, “கணக்கு முடிந்தது” என்று எழுதிக் கையெழுத்து வைக்கும்வரை கொடுக்கவில்லை. அவள் அழுதுகொண்டே கையெழுத்து வைத்தாள். காசு போனதைவிட எனக்கு அதுதான் ஆறவில்லை.

பிள்ளைகளே, அடையாள அட்டையின் போட்டோப் பிரதியை மட்டும் கொடுங்கள். மூலப் பிரதியை வைத்திருக்க எந்த ஹோட்டலுக்கும் உரிமை கிடையாது. தற்காலிகம், நாள் சம்பளம் என்றாலும் முதல் நாளிலிருந்தே ஊழியர் சேமலாப நிதி (EPF) கட்டவேண்டும்: உங்கள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம். அதைப் பற்றிக் கேட்டதும் முகம் சுளிக்கிற இடத்தில் சேராதீர்கள். தேசிய குறைந்தபட்ச சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து மாதம் 30,000, நாளுக்கு 1,200. எங்களில் சிலருக்குக் கடைசியில் கைக்கு வந்தது அந்தக் கணக்குக்கும் கீழே.

கடிதம் தரவே மாட்டோம் என்றால், பேசிய சம்பளத்தை வட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்பி, “சரிதானே சேர்” என்று கேட்டுப் பதிலை எடுத்து வையுங்கள். எங்களிடம் அப்படி எதுவும் இருக்கவில்லை. ஆனால் குசினிச் சுவரில் ஒட்டும் டியூட்டி ரோஸ்டரை ஒரு தம்பி வாராவாரம் போனில் படம் எடுத்து வைத்திருந்தான். யார், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எல்லாம் அதில் தெளிவாக இருக்கிறது. திருகோணமலை தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தபோது அந்தப் படங்களைத்தான் முன்னுக்கு வைத்தோம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், காசு கட்டத் தேவையில்லை. விசாரணைக்கு ஹோட்டல் தரப்பையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அந்தப் பக்கம் வேலை செய்து சம்பளம் நிலுவையில் நிற்கிற மற்றப் பிள்ளைகள் இன்பொக்ஸில் எழுதுங்கள். சித்த மருத்துவப் பீடமோ, வணிகப் பீடமோ, எந்த பச்சோ பரவாயில்லை. ரோஸ்டர் படம், மெசேஜ், யூனிபோமோடு எடுத்த போட்டோ, எது இருந்தாலும் அழிக்காமல் வைத்திருங்கள். அடுத்த விசாரணைத் தவணைக்குப் போகும்போது உங்கள் பெயரையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.