ஆயில் இன்ஜின் நின்று நின்று ஓடுகிறதா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் டீசல் மூடியைத் திறந்து பாருங்கள்

தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்ப் பக்கம் ஆயில் இன்ஜின் வைத்து வாழைக்குத் தண்ணீர் இறைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் போனது 6,450 ரூபாய். பணம் போனதுகூடப் பரவாயில்லை. சோறு போட்ட தொழிலிலேயே ஏமாந்து நின்றேன் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அந்தத் தொழில் என்னவென்று சொல்லிவிடுகிறேன். 22 ஆண்டுகள் வடக்கே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் டெக்னீஷியனாக இருந்தேன். செஸ்னா 152, 172 என்று சின்ன விமானங்கள். எங்களிடம் இருந்த பழைய மாடல்களில் டாங்க் இறக்கைக்குள் இருக்கும். பெட்ரோல் தானாகவே கீழே இன்ஜினுக்கு இறங்கும். இறங்கிய அளவுக்கு டாங்கினுள் காற்று போயாக வேண்டும். அதற்காக இடது இறக்கையின் அடியில், முட்டுக்கம்பியை ஒட்டி ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதை அடைத்தால் டாங்கில் வெற்றிடம் விழும், பெட்ரோல் வரத்து குறைந்துகொண்டே போய்க் கடைசியில் இன்ஜின் நின்றுவிடும். டாங்க் நிறைய பெட்ரோல் இருக்கும்போதே நிற்கும். ஆகையால் ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்பும் விமானி குனிந்து அந்தக் குழாயைப் பார்த்தாக வேண்டும். மாணவர்கள் மறந்தால் நான் கத்துவேன்.

கத்துவதற்குக் காரணம் குளவிதான். ஓட்டை எங்கே கண்டாலும் அதற்கு வீடு. 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசில் ஒரு போயிங் 757 கிளம்பிய சில நிமிடங்களில் கடலில் விழுந்து 189 பேரும் இறந்தார்கள். வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்க்கு உறை போடாமல் பல நாள் நிறுத்தி வைத்திருந்ததால் அதில் குளவி மண் பூசியிருக்கக்கூடும் என்றுதான் விசாரணையில் கருதினார்கள். 2011-இல் மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் சுமார் 65,000 கார்களைத் திரும்ப அழைத்துச் சரிபார்த்ததும் ஒரு சிலந்தியால்தான். பெட்ரோல் வாடைக்கு வந்து டாங்கின் காற்றுக் குழாயில் வலை பின்னிய சிலந்தி. இதையெல்லாம் புதிதாகச் சேரும் பையன்களுக்குக் கதை கதையாகச் சொன்னவன் நான்.

இப்போது ஊர்க் கதைக்கு வருகிறேன். இலவச மின் இணைப்புக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறேன். அதுவரை ஐந்து குதிரைத்திறன் டீசல் இன்ஜின்தான் துணை. பிசான நெல் அறுவடைக்குப் பிறகு இரண்டு மாதம் அது கொட்டகையில் சும்மா கிடந்தது. வைகாசி வெயிலில் வாழை வாடத் தொடங்கியதும் எடுத்து ஓட்டினேன். நாற்பது நிமிடம் ஓடியது, பிறகு சத்தம் கம்மி நின்றது. மூடியைத் திறந்து பார்த்தால் பாதி டாங்க் டீசல் இருக்கிறது. மூடிவிட்டு, ஏர் எடுத்து (டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி), கைப்பிடியைச் சுழற்றினால் ஓடுகிறது. மறுபடியும் நாற்பது நிமிடம்தான்.

மெக்கானிக் வந்தார். அவரும் முதலில் மூடியைத் திறந்து டீசலைத்தான் பார்த்தார். "நாசில் போய்விட்டது, அண்ணாச்சி" என்றார். டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சுகிற முனைதான் நாசில். மாற்றினார், 1,850 ரூபாய். கால் மணி நேரம் நின்று ஓட்டிக் காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவருடைய பைக் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியிருக்காது, இன்ஜின் நின்றுவிட்டது.

போன் செய்தால், "பம்பு எலிமென்ட்டும் தேய்ந்திருக்கிறது, கடைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். டாங்க் வேண்டாம், டீசல் சிந்தும்" என்றார். இன்ஜினின் டீசல் பம்புக்குள் டீசலைத் தள்ளுகிற பாகம்தான் எலிமென்ட். சுமை ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனேன். மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டார். மேலே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் டீசலைத் தொங்கவிட்டு, குழாய் செருகி, ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினார். பூனைபோல ஓடியது. எலிமென்ட், டெலிவரி வால்வு, கூலி எல்லாம் சேர்த்து 4,600 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். கழற்றிய பழைய சாமானைக் கேட்டேன். "அந்தக் குப்பை எதற்கு அண்ணாச்சி, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன்" என்றார். கேட்ட மாத்திரத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கொட்டகைக்குக் கொண்டுவந்து பழையபடி டாங்கை மாட்டினேன். நாற்பது நிமிடம்.

அன்றைக்குத் தண்ணீர் திருப்ப வந்திருந்த பெரியவர், சத்தம் கம்முவதைக் கேட்டு டீசல் தீர்ந்துவிட்டது என்று நினைத்து, ஓடுகிற இன்ஜினிலேயே ஊற்றப் போனார். மூடியைத் திருகியதும் 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது. நிற்கப் போன இன்ஜின் உடனே வேகமெடுத்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை, "எவ்வளவு ஊற்ற, தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டது. மூடியைக் கவிழ்த்துப் பார்த்தால் அதில் இருக்கும் காற்றுத் துளையை மறைத்து, கடலைப்பருப்பு அளவுக்குக் காய்ந்த மண், குளவிக் கூடு. குத்தி எடுத்தபோது உள்ளே சின்னச் சின்னச் சிலந்திகள் சுருண்டு கிடந்தன. குஞ்சுக்கு என்று கொட்டி மயக்கி வைத்த தீனி. வீட்டில் குளவி கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று எங்கள் ஆச்சி அதை இடிக்க விடமாட்டாள். டாங்கில் கட்டினால் என்ன பிறக்கும் என்று அவள் சொல்லவில்லை.

நாங்கள் ஒவ்வொரு முறையும் டீசல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தோமே, அதுதான் வைத்தியம். திறந்ததும் காற்று புகுந்துவிடும், இன்ஜினும் ஓடும். புகழ் நாசிலுக்குப் போனது. கடையில் பாட்டிலில் ஓட்டியபோது மூடியே இல்லை. பிறகு ஏன் நிற்கப் போகிறது?

இதுவரை மெக்கானிக்கை அறியாதவர் என்றுகூட விட்டுவிடலாம். அடுத்ததைக் கேளுங்கள். விமானத்தில் ஒரு நட்டை முறுக்கியதும் அதன் மேலும் பக்கத்து உலோகத்தின் மேலும் சேர்த்து ஒரு வண்ணக் கோடு இழுப்போம். நட்டு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். பழக்கதோஷத்தில் இந்த இன்ஜினின் பம்பு போல்ட்டுகளிலும் மகளின் சிவப்பு நகப்பூச்சால் போட்டு வைத்திருந்தேன். எலிமென்ட் மாற்ற வேண்டுமானால் பம்பையே கழற்ற வேண்டும். போய்ப் பார்த்தேன். இரண்டு போல்ட்டிலும் கோடு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது.

படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில் "வேலை செய்த பையன் தவறு" என்றார், பிறகு "கோட்டை நீங்களே திரும்பப் போட்டிருக்கலாம்" என்றார். நாலு பேர் கூடியதும் 2,000 ரூபாயை எண்ணிக் கையில் வைத்தார். நாசிலில் நான் கோடு போடவில்லை, ஆகவே அந்த 1,850 பற்றி வாய் திறக்க முடியவில்லை.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது; இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 1915 என்ற எண்ணில் புகாரும் சொல்லலாம். ஆனால் என் கையில் இருப்பது கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு. நீங்களாவது முறையான பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பழைய சாமானைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலைக்குக் கொடுக்கும்போதே சொல்லுங்கள். பழுது பார்த்ததை உங்கள் டாங்கிலேயே, மூடி போட்டு, ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

துளையைச் சுத்தம் செய்ய மூடியைக் கழற்றி வெளியே எடுத்து, மெல்லிய கம்பியால் குத்தி, டீசலில் அலசுங்கள். மாட்டியபடியே குத்தினால் மண் டாங்கில் விழுந்து ஃபில்டருக்குப் போகும். மழைக்காக மூடிமேல் பாலித்தீன் பையை இறுக்கிக் கட்டுகிறவர்கள், ஓட்டுவதற்கு முன் அவிழ்த்துவிடுங்கள். அதுவும் குளவி செய்கிற வேலையைத்தான் செய்யும். நான் இப்போது ஒரு துணி உறை தைத்து, விமானத்தில் கட்டுவதுபோல முழ நீளச் சிவப்பு நாடாவைத் தொங்கவிட்டிருக்கிறேன். நாடாவைக் கைப்பிடியில் சுற்றிவிடுவதால் உறையை எடுக்காமல் இன்ஜினைச் சுழற்ற முடியாது.

கடையின் பெயரைக் கேட்டு யாரும் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம், சொல்ல மாட்டேன். மீதிப் பணம் இன்னும் வரவில்லை. குளவி இப்போது கொட்டகை உத்தரத்தில் கட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே இருந்துவிட்டுப் போகட்டும்.