டெக்கார்ட்டின் ‘தியானங்கள்’: எந்தப் பதிப்பை வாங்கலாம்?

1641இல் பாரிஸில் இலத்தீன் மொழியில் வெளியான பிரெஞ்சுத் தத்துவவாதி ரெனே டெக்கார்ட்டின் இந்நூல் ஆறே தியானங்களை, அதாவது ஆழ்ந்த சிந்தனைப் பகுதிகளைக் கொண்டது. புலன்கள் சில வேளைகளில் ஏமாற்றுகின்றன என்பதில் தொடங்கி, கனவையும் நனவையும் பிரித்தறிய ஐயமற்ற அடையாளம் ஏதுமில்லை என்று நகர்ந்து, இரண்டையும் மூன்றையும் கூட்டும்போதுகூட நம்மைத் தவறச் செய்யும் வல்லமை ஒருவனுக்கு இருக்கலாமே என்னும் இடம் வரை முதல் தியானம் வாசகரை இழுத்துச் செல்கிறது. அந்த வஞ்சகன் எவ்வளவுதான் ஏமாற்றினாலும், ஏமாறுவதற்கேனும் நான் இருந்தாக வேண்டும் என்று இரண்டாம் தியானம் கண்டடையும் உறுதி, நூலின் மிகச் சிறந்த பகுதி என்பேன்.

மூன்றாம் தியானம் அந்த உயரத்தில் நிற்கவில்லை. கடவுள் ஏமாற்றுபவர் அல்லர் என நிறுவும் வாதம், அக்காலக் கல்விக்கூடங்களின் கலைச்சொற்களால் கனத்துப்போயிருக்கிறது, பொறுமை வேண்டும்.

மூலத்துடன் சேர்ந்தே அச்சான, சமகால அறிஞர்களின் மறுப்புரைகளையும் அவற்றுக்கு டெக்கார்ட் தந்த மறுமொழிகளையும் விட்டுவிட்ட பதிப்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். தெளிவாக உணர்வதெல்லாம் உண்மை என்பதற்குக் கடவுளே பிணை என்றால், கடவுள் உண்டு என்பதையே அத்தெளிவைக் கொண்டுதானே அறிகிறோம் என்று பிரெஞ்சு இறையியலாளர் அர்னோ எழுப்பும் கேள்வி அங்கேதான் இருக்கிறது. டெக்கார்ட்டின் பதில் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸுக்கு அவர் தரும் எரிச்சலான, சுருக்கமான பதில்களோ (தத்துவ நூலில் எதிர்பாராத சுவை இது) தனியே படிக்கத் தக்கவை.