ஹாரிசனா, நேபர்ஸா, இல்லை ஒரு டேக்கிளா? 2024 டிராஃப்டைத் திரும்பிப் பார்க்கிறேன்

2024 ஏப்ரலில் டெட்ராய்ட்டில் நடந்த டிராஃப்டில், அதாவது அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் நிகழ்ச்சியில், முதல் 14 இடங்களிலும் பந்தோடு முன்னேறும் பக்கமான ஆஃபென்ஸ் ஆட்டக்காரர்களைத்தான் எடுத்தார்கள். தடுக்கும் பக்கமான டிஃபென்ஸிலிருந்து முதல் ஆள் போனது 15-வது இடத்தில். அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. அதனால் கல்லூரி ஆட்டக்காரர்களை எடை போடுவதைப் பற்றிப் பேச அந்த வருடத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ரிசீவர் (ஓடிப் போய்ப் பந்தைப் பிடிப்பவர்), டைட் எண்ட் (பிடிக்கவும் செய்வார், மறிக்கவும் செய்வார்), டேக்கிள் (பந்து போடுகிறவரைக் காக்கும் பெரிய ஆள்) மூன்றிலும் பெரிய பெயர்கள் ஒரே மேடையில். இதில் பந்து போடும் குவாட்டர்பேக்குகளைத் தொடப் போவதில்லை, அது தனிப் பைத்தியம்.

என் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மழுப்பினேன் என்று யாரும் சொல்லக் கூடாது. டிராஃப்டுக்கு முன் என் வரிசை: மார்வின் ஹாரிசன் ஜூனியர், ரோம் ஒடூன்ஸே, மலீக் நேபர்ஸ். தப்பு. அதுவும் தலைகீழான தப்பு.

ஹாரிசனை ஏன் எல்லோரும் முதலில் வைத்தோம்? ஒஹாயோ ஸ்டேட்டில் 2022, 2023 இரண்டு வருடமும் பந்தைப் பிடித்து முன்னேறியது 1,200 கஜத்துக்கு மேல், இரண்டிலும் எல்லைக் கோட்டைத் தாண்டிய டச்டவுன் சரியாக 14. 2023-இல் நாட்டின் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருது. 6 அடி 3 அங்குலம், 209 பவுண்டு. அப்பா ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கும் மார்வின் ஹாரிசன், இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியில் பெய்டன் மேனிங்கின் பந்துகளைப் பிடித்தவர். மகனுக்கு அப்பாவின் கால் வேலை, அப்பாவைவிட 3 அங்குலம் கூடுதல் உயரம். இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் தோன்றியது. அவர் டிராஃப்டுக்கு முன் உடல்திறனை அளக்கும் கம்பைனிலும் ஓடவில்லை, கல்லூரியில் நடத்தும் புரோ டேயிலும் ஓடவில்லை, "ஆட்டத்தைப் பாருங்கள்" என்பது போல இருந்துவிட்டார். அதையும் தன்னம்பிக்கை என்று நாம்தான் வாசித்தோம். அரிசோனா கார்டினல்ஸ் 4-வது இடத்தில் எடுத்தது.

நேபர்ஸ் கொஞ்சம் வேறு ஜாதி. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகமான எல்எஸ்யூவில் 2023-இல் 89 கேட்ச், 1,569 கஜம், 14 டச்டவுன். பந்தைப் பிடித்த அடுத்த நொடியில் முழு வேகத்துக்குப் போகும் கால்கள். புரோ டேயில் 40 கஜத்தை 4.35 விநாடியில் ஓடினார் என்று கடிகாரம் பிடித்தவர்கள் சொன்னார்கள். எதிராகச் சொல்லப்பட்டது என்ன? பல நேரம் ஓரத்தில் இல்லாமல் உள்ளே, ஸ்லாட்டில் நின்று ஆடினார், அங்கே ரிசீவரைத் தடுக்கும் கார்னர் முகத்துக்கு நேரே வந்து மறிக்க மாட்டான், வேலை சுலபம் என்றார்கள். பந்து போடுகிறவர் கல்லூரியின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை வென்ற ஜேடன் டேனியல்ஸ் என்றார்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனால் இதே ஸ்லாட் கேள்வியை, இதே எல்எஸ்யூவிலிருந்து வந்த இன்னொருவரைப் பற்றி 2020-இலும் கேட்டார்கள். ஜஸ்டின் ஜெஃபர்சன் 111 கேட்ச் பிடித்துவிட்டு வந்தும் 22-வது இடம் வரை காத்திருந்தார். 21-வது இடத்தில் இருந்த ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ஜேலன் ரேகரை எடுத்தது. ஜெஃபர்சன் மின்னசோட்டாவில் முதல் வருடமே 1,400 கஜம் எடுத்தார். அந்தப் பாடத்தை நான்கு வருடத்தில் மறந்தவர்களில் நானும் ஒருவன்.

ஒடூன்ஸேயை நான் இரண்டாவதாக வைத்ததற்குக் காரணம் எளிமையானது: வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆட்டங்களை விழித்திருந்து பார்த்தேன், அந்த அணியைப் பிடித்திருந்தது. 92 கேட்ச், 1,640 கஜம், கல்லூரி ஆட்டத்தில் அந்த வருடம் அதிகம் அவர்தான். 6 அடி 3 அங்குலம், கம்பைனில் 4.45. ஆளோடு ஆள் முட்டி உயரத்தில் பறிக்க வேண்டிய பந்தென்றால் கை அவருடையதாகத்தான் இருக்கும். அதுதான் பிரச்சினையும்கூட என்று இப்போது நினைக்கிறேன். கல்லூரியில் பத்துப் பந்தில் ஏழெட்டைப் பறிக்கலாம், மேலே போனால் உங்கள் மேல் தொங்கிக்கொண்டிருப்பவனும் அதே உயரம், அதே வலு, கூடவே சம்பளம் வாங்குகிறவன்.

சரி, முதல் வருடம் என்ன ஆனது? நேபர்ஸ் நியூயார்க் ஜயண்ட்ஸில் 15 ஆட்டத்தில் 109 கேட்ச், 1,204 கஜம். அந்த அணி 3 ஆட்டம் வென்று 14 தோற்றது, பாதி வருடத்தில் குவாட்டர்பேக் டேனியல் ஜோன்ஸையே அனுப்பிவிட்டார்கள், அதற்குப் பிறகு யார் பந்து போடுகிறார் என்பது வாரத்துக்கு வாரம் மாறியது. அந்த நிலையிலும் 109. ஹாரிசன் 62 கேட்ச், 885 கஜம், 8 டச்டவுன். ஒடூன்ஸே சிகாகோவில் 54 கேட்ச், 734 கஜம்.

ஒடூன்ஸேவுக்குச் சலுகை தர வேண்டும். சிகாகோவின் புது குவாட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் அந்த வருடம் 68 முறை சாக் ஆனார், அதாவது பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்பட்டார், பாதியில் ஆஃபென்ஸ் பயிற்சியாளரை நீக்கினார்கள், அப்புறம் தலைமைப் பயிற்சியாளரையும். கூடவே டிஜே மூர், கீனன் ஆலன் என்று பந்துக்கு ஏற்கெனவே இருவர் வரிசையில். அந்தக் குழப்பத்தில் 734 கஜத்தை வைத்து யாரையும் தூக்கில் போட முடியாது.

ஹாரிசனுக்கு அவ்வளவு சலுகை தர எனக்கு மனம் வரவில்லை. முதல் ஆட்டத்தில் 1 கேட்ச், 4 கஜம். இரண்டாவது ஆட்டத்தில் ராம்ஸுக்கு எதிராக முதல் குவார்ட்டரிலேயே 130 கஜம், 2 டச்டவுன். ஆள் யார் என்பதில் சந்தேகமே இல்லை என்று அன்று குதித்தோம். பிறகு அந்த வருடம் முழுவதும் அவரை ஓரத்தில் நிறுத்தி நேராக ஆழத்துக்கு ஓடவிட்டுக்கொண்டே இருந்தார்கள், அவரும் அங்கே கார்னரைவிட்டு விலகி ஓடவில்லை, விலகாதவனுக்கு எப்படி எறிவது. அதே அணியில் டைட் எண்ட் ட்ரே மெக்பிரைட் 111 கேட்ச் பிடித்தார் என்பதைப் பார்க்கும்போது குவாட்டர்பேக்மேல் முழுப் பழியையும் போட முடியாது.

இங்கேதான் என் அளவுகோல் மாறியது. ரிசீவரைப் பார்க்கும்போது கையை முதலில் பார்க்கிறோம், ஏனென்றால் டிவியில் தெரிவது அதுதான், பந்து வரும், கேமரா கூடவே வரும், ஒரு கையால் பிடிப்பார், நாம் கத்துவோம். பந்து வருவதற்கு இரண்டு விநாடிக்கு முன் நடந்தது திரையிலேயே இருக்காது. அந்த இரண்டு விநாடியில் எதிராளியிடமிருந்து ஒரு கஜமோ இரண்டு கஜமோ பிரிந்து வருகிறவர், பந்து போடுகிறவர் சுமாராக இருந்தாலும் பிழைத்துக்கொள்கிறார். பிரியாமல் பறித்துப் பிடிக்கிறவருக்கு நல்ல குவாட்டர்பேக்கும் நல்ல நாளும் சேர்ந்து வர வேண்டும். நேபர்ஸ் முதல் வகை. ஹாரிசன் முதல் வகை என்று நினைத்தோம், முதல் வருடத்தில் இரண்டாவது வகையாகத்தான் தெரிந்தார்.

இன்னொரு கொசுறு: எல்எஸ்யூவில் நேபர்ஸின் பக்கத்திலேயே ஆடிய பிரையன் தாமஸ் ஜூனியர், 2023-இல் 17 டச்டவுன், கம்பைனில் 4.33. அவரை 23-வது இடம் வரை விட்டார்கள். ஜாக்சன்வில்லில் 1,282 கஜம், 10 டச்டவுன். கஜக் கணக்கில் நேபர்ஸையே தாண்டினார். "இரண்டாவது ரிசீவர்" என்ற பட்டம் ஒருவரை எவ்வளவு கீழே தள்ளும் பாருங்கள்.

டைட் எண்ட் பக்கம் வந்தால், பிராக் பவர்ஸ். ஜார்ஜியாவில் சிறந்த டைட் எண்டுக்கான மேக்கி விருதை இரண்டு முறை வென்ற முதல் ஆள். ஆனாலும் 13-வது இடம் வரை போனார். பயம் என்னவென்றால் 2021-இல் கைல் பிட்ஸை 4-வது இடத்தில் அட்லாண்டா எடுத்தது, முதல் வருடம் 1,026 கஜம், அடுத்த மூன்று வருடம் அந்த 1,000-ஐத் தொடவே இல்லை. அதோடு பவர்ஸை எடுத்த ரெய்டர்ஸ் அதற்கு முந்தைய வருடம்தான் இரண்டாம் சுற்றில் மைக்கேல் மேயர் என்ற டைட் எண்டை எடுத்திருந்தது, நானே சிரித்தேன். பவர்ஸ் 112 கேட்ச் பிடித்தார், எந்த இடத்தில் ஆடும் ரூக்கிக்கும் (முதல் வருட ஆட்டக்காரருக்கும்) அதுவே சாதனை. 1,194 கஜம். 1961-இல் மைக் டிட்கா வைத்த 1,076 கஜம் என்ற ரூக்கி டைட் எண்ட் சாதனையும் போயிற்று. பிட்ஸும் பவர்ஸும் ஒரே பெயர்ப் பலகையின் கீழ் வந்தார்கள், ஆட்டம் ஒன்றல்ல. பிட்ஸ் உயரமான ரிசீவர் போல ஆழத்தில் பந்து தேடுகிறவர், பவர்ஸ் குறுகிய பந்தை வாங்கிக்கொண்டு மோதி ஓடுகிறவர். பந்து போடுகிறவர் மோசமாக இருந்தால் இரண்டாவது ஆள்தான் உங்களுக்கு வேண்டும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த சண்டை. 2021-இல் 5-வது இடத்தில் சின்சினாட்டி பெங்கால்ஸ். குவாட்டர்பேக் ஜோ பர்ரோ முந்தைய வருடம் முழங்கால் கிழிந்து படுத்திருந்தவர். முன்னால் நின்று காக்க ஆரிகனின் பெனே சூவல் என்ற டேக்கிள் இருந்தார். இன்னொரு பக்கம் எல்எஸ்யூவில் பர்ரோவோடு ஆடிய ரிசீவர் ஜமார் சேஸ், 2019-இல் 1,780 கஜம், 20 டச்டவுன், 2020-இல் ஆடவே இல்லை. பெங்கால்ஸ் சேஸை எடுத்தது. பாதுகாப்புக்கு ஆள் இரண்டாம் சுற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்று 46-வது இடத்தில் ஜாக்சன் கார்மனை எடுத்தது, அது தேறவில்லை. சேஸ் முதல் வருடமே 1,455 கஜம். அணி இறுதிப் போட்டியான சூப்பர் போல் வரை போனது. போகும் வழியில் டென்னசிக்கு எதிராக பர்ரோ 9 முறை சாக் ஆகியும் வென்றார்கள், கடைசி ஆட்டத்தில் 7 முறை சாக் ஆகி 23-20 என்று தோற்றார்கள். அந்த ஒரே வருடத்தை வைத்து இரண்டு கட்சியும் "பார்த்தாயா, நான் சொன்னேனே" என்று சொல்லலாம், இன்றுவரை சொல்லிக்கொண்டும் இருக்கிறார்கள்.

டெட்ராய்ட் லயன்ஸ் இரண்டு இடம் கழித்து 7-வதாக சூவலை எடுத்தது. ரிசீவரை 112-வது இடத்தில் எடுத்தது, பெயர் அமோன்ரா செயின்ட் பிரவுன். 2023-இல் அவர் 1,515 கஜம். சூவல் நாட்டின் முதல்தர டேக்கிள். 2024-இல் அந்த அணி 15 வெற்றி, 2 தோல்வி.

2024-இல் அதே 5-வது இடத்தில் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ். கீனன் ஆலனை சிகாகோவுக்கு விற்றாகிவிட்டது, மைக் வில்லியம்ஸையும் விட்டாகிவிட்டது, ரிசீவர் அறையே காலி. நேபர்ஸ் இன்னும் யாரும் எடுக்காமல் இருக்கிறார். பயிற்சியாளர் ஜிம் ஹார்பா எடுத்தது நாட்டர் டேமின் ஜோ ஆல்ட், 6 அடி 8 அங்குல டேக்கிள். அதுவும் கல்லூரியில் இடப்பக்கம் ஆடியவரை வலப்பக்கம் மாற்றப் போகிறார்கள், ஏனென்றால் இடப்பக்கம் ரஷான் ஸ்லேட்டர் இருக்கிறார். எனக்குத் தெரிந்த சார்ஜர்ஸ் ரசிகர் ஒருவர் அன்று இரவு டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். முந்தைய வருடம் 5 ஆட்டம் வென்ற அணி அந்த வருடம் 11 வென்றது.

என் கட்சி எது? கிடைப்பவர் சேஸ் மாதிரி ஒருவர் என்றால் ரிசீவர். 2024-இல் அந்தத் தரத்துக்கு நேபர்ஸ் மட்டும் கிட்டத்தில் வந்தார், ஆனாலும் நான் ஹார்பாவின் பக்கம். நல்ல டேக்கிள் 20-ஆவது இடத்தைத் தாண்டிவிட்டால் அரிது, நல்ல ரிசீவர் 34-இலும் கிடைக்கிறார், 112-இலும் கிடைக்கிறார், புகா நகுவா 2023-இல் 177-இல் கிடைத்தார், முதல் வருடமே 1,486 கஜம்.

வேகத்தைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. சேவியர் வொர்தி கம்பைனில் 4.21 ஓடிச் சாதனை வைத்தார், எடை 165 பவுண்டுதான். 28-வது இடத்தை பஃபலோ பில்ஸிடமிருந்து வாங்கி கேன்சஸ் சிட்டி அவரை எடுத்தது. பில்ஸ் இன்னும் பின்னால் நகர்ந்து 33-இல் கியான் கோல்மனை எடுத்தது, அவர் ஓடியது 4.61, ஆனால் பெரிய உடம்பு. வொர்தி 638 கஜம், கோல்மன் 556. இருவருமே சுமார்தான்.

34-வது இடத்துக்கு வருவோம். அது நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் இடம். சார்ஜர்ஸ் 37-இலிருந்து மேலே வந்து அதை வாங்கியது. எடுத்தது லாட் மெக்கான்கி, ஜார்ஜியாவில் பவர்ஸின் தோழர், 6 அடி, 186 பவுண்டு, காயத்தால் கடைசி வருடம் 30 கேட்ச், 478 கஜம் மட்டுமே. பேட்ரியட்ஸ் 37-இல் எடுத்தது ஒடூன்ஸேயின் கூட்டாளி ஜலின் போல்க், அதே வருடம் 69 கேட்ச், 1,159 கஜம். காகிதத்தில் போல்க்தான் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் மொபீல் நகரில் டிராஃப்டுக்கு வரும் கல்லூரி ஆட்டக்காரர்களுக்காக நடந்த சீனியர் போல் பயிற்சி வாரத்தில் மெக்கான்கியை ஒற்றைக்கு ஒற்றை யாராலும் ஒட்டிப் பிடித்து நிறுத்த முடியவில்லை, அது எல்லா அணிகளின் ஆட்களும் ஓரத்தில் நின்று பார்த்த விஷயம். முதல் வருடத்தில் மெக்கான்கி 82 கேட்ச், 1,149 கஜம். போல்க் 12 கேட்ச், 87 கஜம்.